ஏரியல் பிலிம் பெட்டியில் 200 என்று போட்டிருந்தால் 200தானா?

சூரமங்கலத்தான்:
நேற்று இங்கே ஒரு புண்ணியவான் எழுதியதைப் படித்ததிலிருந்து தூக்கம் போச்சு. "ஏரியல் பிலிம் வாங்குங்கள், பெட்டியில் இருக்கிற 200ஐ அப்படியே லைட் மீட்டரில் வையுங்கள், ஏற்காட்டுப் பனியைக் கத்தி மாதிரி அறுத்துத் தரும்" என்கிறார். ஏரியல் பிலிம் என்றால் விமானத்திலிருந்து தரையைப் படம் எடுக்கச் செய்த பிலிம். அந்த எண் பிலிமின் வேகம், எண் குறைந்தால் வெளிச்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். கூடவே ஏற்காட்டு மலை விளிம்பில் இருக்கிற லேடிஸ் சீட் காட்சிமுனையிலிருந்து எடுத்த படம் ஒன்று. பெரிதாக்கிப் பார்த்தேன். மலைப்பாதை வளைவுகள் தெரிகின்றன, கீழே மேக்னசைட் சுரங்கத்து வெள்ளை மேடு தெரிகிறது, சரி. நடுவில் இருக்கிற காடு? தார் ஊற்றிய மாதிரி ஒரே கறுப்பு. ஒரு கிளை இல்லை, ஒரு இலை இல்லை. அது 200 இல்லை ஐயா, 80. பெட்டியில் எதை அச்சடித்திருந்தாலும் 80.

ஏழாம் வளைவு லோகு:
அந்தப் புண்ணியவான் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம்ணா, கோவிச்சுக்க மாட்டேன். பிலிம் பெல்ஜியத்தில் அக்ஃபா தயாரித்த அவிஃபாட் பான் 200. பெயரிலேயே 200 இருக்கிறது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? காடு கறுத்தது சிவப்பு ஃபில்டரால். நிழலுக்குள் விழுவது வானத்தின் நீல வெளிச்சம். நான் போட்ட சிவப்பு 25 ஃபில்டர் அதை வாசலிலேயே நிறுத்திவிடும். ஃபில்டர் செய்த வேலைக்குப் பிலிமைத் திட்டாதீர்கள்.

சூரமங்கலத்தான்:
தம்பி, முப்பது வருஷம் கல்யாண பிலிம் கழுவிய கை இது. ஃபில்டரே போடாமல் சோதித்துவிட்டுத்தான் பேசுகிறேன். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு கறுப்புக் குடையை விரித்து வைத்தேன். 200, 160, 125, 100, 80, 64 என்று ஆறு ஷீட். 200இல் குடை ஒரு ஓட்டை மாதிரி விழுந்திருக்கிறது. 100இல் கைப்பிடி வந்தது. குடைக்கம்பி ஒவ்வொன்றாக எண்ணுகிற மாதிரி வந்தது 80இல்தான். கம்பி எட்டு. வேண்டுமானால் நெகட்டிவைக் கொண்டுவந்து காட்டுகிறேன்.

இருட்டறை:
இரண்டு பேரும் வேறு வேறு படியில் அரிசி அளக்கிறீர்கள். சாதாரண பிலிமின் வேகத்தை, அடிமூட்டத்துக்கு (வெளிச்சமே படாத பிலிமிலும் இருக்கிற லேசான கறுப்புக்கு) மேல் 0.1 அடர்த்தி வருகிற இடத்தில் கணக்கிடுகிறார்கள். ஏரியல் பிலிமுக்கு அது 0.3, சூத்திரமும் வேறு. விமானத்திலிருந்து பார்த்தால் தரையின் நிழல்களை இடையில் இருக்கும் காற்று மங்கல் வெளுத்துக் காட்டும். அதனால்தான் அந்த பிலிமைக் கான்ட்ராஸ்ட் தூக்கலாகச் செய்தார்கள். அந்த 200ஐ நம் கை மீட்டரின் 200உடன் ஒப்பிடவே கூடாது. முதலில் எந்த அளவு என்று முடிவு செய்துவிட்டு அப்புறம் சண்டை போடுங்கள்.

ஏழாம் வளைவு லோகு:
பார்த்தீர்களா, இருட்டறை அண்ணனே 200 என்று சொல்லிவிட்டார்.

சூரமங்கலத்தான்:
கண்ணாடி மாட்டிக்கொண்டு படி தம்பி. அவர் சொன்னது 80.

இருட்டறை:
நான் இரண்டையுமே சொல்லவில்லை.

காப்பிக்கொட்டை:
நான் ஏற்காட்டிலேயே இருக்கிறவள். எண்ணை விடுங்கள், "பனியை அறுக்கும்" என்று எழுதியதற்கு யாரும் ஒன்றும் கேட்கவில்லையே? தூரத்து மலை நீலமாக மங்கித் தெரிவது வேறு, பனி வேறு. மங்கலில் நீல வெளிச்சம்தான் அதிகம் சிதறும், அடர் சிவப்பைவிடக் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. சாதாரண பிலிம் 650 நானோமீட்டர் பக்கத்தில் நின்றுவிடும். இந்த பிலிமுக்கு 750 வரை பார்வை இருப்பதால் சிவப்பு ஃபில்டர் போட்டால் மங்கல் விலகும். பனி என்பது தண்ணீர்த் துளி. அது எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிக்கும். பகோடா பாயின்ட்டில் பனி இறங்கினால் எந்த பிலிம் போட்டாலும் வெள்ளைச் சுவர்தான். அந்த நேரத்தில் டீ குடிக்கலாம்.

ஏழாம் வளைவு லோகு:
எங்கள் ஊரில் மங்கலாகத் தெரிவது எல்லாமே பனிதாங்க. அகராதி பார்த்துப் படம் எடுக்க முடியாது. வெள்ளை மேடு தெரிந்ததா இல்லையா? 200 வைத்து எடுத்தேன், தெரிந்தது.

சூரமங்கலத்தான்:
வெள்ளை மேடு 800 வைத்தாலும் தெரியும், அது வெள்ளை. காடு தெரிந்ததா? இன்னொன்று கேட்கிறேன். இதே குடும்பத்துப் பிலிம்தான் ரோலை (Rollei) கம்பெனிப் பெட்டியில் இன்ஃப்ராரெட் 400 என்று வருகிறது. பெட்டிதான் வேதம் என்றால் அதை 400 வைப்பாயா? அதற்கு 720 ஃபில்டர் (கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைப் பெரும்பாலும் தடுத்து இன்ஃப்ராரெட்டை விடுவது) போட்டு எடுக்கிறவர்கள் மீட்டரை 12க்கும் 6க்கும் இறக்கி வைக்கிறார்கள்.

அம்மாபேட்டை தறி:
அண்ணன்மாரே, நடுவில் ஒரு சின்னச் சந்தேகம். 120 ரோல் பிலிம் கேமராவில் போட இந்த பிலிம் எங்கே கிடைக்கும்? 24 சென்டிமீட்டர் அகல ரோலை வாங்கி வெட்டிக்கொள்ள நமக்குத் தெம்பு இல்லை.

காப்பிக்கொட்டை:
ரோலை கம்பெனியின் சூப்பர்பான் 200 என்று கேளுங்கள், அதேதான். நிதானமானது வேண்டும் என்றால் ரெட்ரோ 80எஸ். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். பாலியெஸ்டர் அடித்தளம் கண்ணாடிக் குழாய் மாதிரி, ஓரத்தில் விழுந்த வெளிச்சத்தை உள்ளே கடத்திவிடும். ஏரிக்கரையில் நல்ல வெயிலில் நின்று 35 மில்லிமீட்டர் ரோல் ஒன்றை மாற்றினேன், முதல் நாலு படம் போச்சு. இப்போதெல்லாம் துப்பட்டாவுக்கு அடியில்தான் மாற்றுகிறேன்.

அம்மாபேட்டை தறி:
நன்றிங்க. இந்தப் பக்கத்தில் கேள்வி கேட்டதற்கு ஒருத்தர் பதில் சொல்லி இன்றுதான் பார்க்கிறேன்.

சூரமங்கலத்தான்:
சூப்பர்பான் 200ஐயும் 80 வை தம்பி.

ஏழாம் வளைவு லோகு:
ரோலை வெட்டுகிற பேச்சு வந்ததால் நானும் கேட்டுவிடுகிறேன். போன வருஷம் சூரமங்கலத்து அண்ணனோடு சேர்ந்து ஒரு ரோல் எடுத்தேன். என் பங்கு 5 மீட்டர். 4க்கு 5 அங்குல ஷீட்டாக வெட்டித் தருவதாகச் சொன்னார். 24 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு ஷீட் விழும், 5 மீட்டர் நீளத்தில் 39 வரிசை. 78 ஷீட். என் கைக்கு வந்தது 60. அந்த 18 எங்கே?

சூரமங்கலத்தான்:
விஷயத்தை மாற்றாதே. இங்கே பேச்சு 200ஆ 80ஆ என்பதுதான். கேட்டதால் சொல்கிறேன், டப்பாவைத் திறந்ததில் மேல் சுற்று அரை மீட்டர் வெளிச்சம் பட்டுப் போச்சு. கும்மிருட்டில் கையால் தடவித் தடவி வெட்டியவன் நான். சாதாரண ஷீட்டைவிட மெல்லிய பிலிம், வாழையிலை மாதிரி துவளும். இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். அதற்கு ஒரு நன்றி வந்ததா?

ஏழாம் வளைவு லோகு:
நன்றி. அரை மீட்டர் என்றால் 8 ஷீட். மீதி 10?

அம்மாபேட்டை தறி:
அகலத்தில் ஓரமாக 36 மில்லிமீட்டர் மிஞ்சுமே, அதை 35 கேமராவில் போட முடியாதா?

இருட்டறை:
ஓரத்தில் ஓட்டை இல்லாமல் எந்தப் பல்சக்கரம் இழுக்கும்? வேக அளவு பற்றி நான் எழுதியதை யாராவது படித்தீர்களா?

சூரமங்கலத்தான்:
படித்தேன், நல்ல கட்டுரை. நிழலில் விவரம் வேண்டும் என்றால் 80 என்று அதிலேயே இருக்கிறது. இன்னொரு விஷயம், லோகு தம்பி பிலிம் கழுவுவதே போர்வெல் தண்ணீரில். நெகட்டிவ் முழுக்கச் சுண்ணாம்புப் பொட்டு. சித்திரை மாதம் குழாயில் வருகிற 32 டிகிரி தண்ணீரிலேயே டி-76 டெவலப்பரைக் கலக்கி ஊற்றினால் கான்ட்ராஸ்ட் எகிறாமல் என்ன செய்யும்? வெளிச்சம் எகிறும், நிழல் அப்படியே கிடக்கும். நான் மேட்டூர்த் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, ஐஸ் வைத்து 20க்குக் கொண்டுவந்துதான் கழுவுகிறேன்.

ஏழாம் வளைவு லோகு:
மேட்டூர்த் தண்ணீர் எங்கள் தெருவுக்கு வருகிற லட்சணம் அண்ணனுக்குத் தெரியாதா? வருகிற நாளில் குடம் பிடிப்பதா, பிலிம் கழுவுவதா?

காப்பிக்கொட்டை:
எங்கள் ஊரில் மார்கழியில் தண்ணீரைச் சூடு பண்ணித்தான் 20க்கு ஏற்ற வேண்டும். சும்மா சொன்னேன்.

சூரமங்கலத்தான்:
ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு எல்லாமே சௌகரியம். கீழே இருந்து பார்த்தால்தான் மலை தெரியும்.

காப்பிக்கொட்டை:
லேடிஸ் சீட் படம் மேலிருந்து எடுத்ததுங்க.

ஏழாம் வளைவு லோகு:
ஒரு நிமிஷம். மொட்டை மாடி, கறுப்புக் குடை, ஆறு ஷீட். அண்ணன் பங்கு முழுவதும் 120 அகலத்துக்கு நீளமாக வெட்டியது, எனக்குத் தெரியும். ஷீட் வெட்டியது எனக்கு மட்டும்தான். அப்போ அந்த ஆறு ஷீட் யாருடையது?

சூரமங்கலத்தான்:
சோதனை எல்லாருக்கும் பொது. அதனால்தான் இன்று உனக்கே 80 என்று தெரிகிறது.

ஏழாம் வளைவு லோகு:
10இல் 6 போனால் மீதி 4. என் ஷீட்டை என்னைக் கேட்காமல் எடுத்து, குடையைப் படம் பிடித்து, என் படத்தையே தார் என்று சொல்கிறார். 200தாங்க. இனிமேல் 200தான்.

இருட்டறை:
நான் வருகிறேன்.

சூரமங்கலத்தான்:
நாலு ஷீட் ஃபிரிட்ஜில் பத்திரமாக இருக்கிறது. மீட்டரை 80 வைத்துக்கொண்டு நேரில் வந்தால் தருகிறேன்.