ஓயாமல் வேலை: சுபாவமா, அடிமைத்தனமா?

கேள்வி (ஹட்டன்)
தோட்ட ஆபீஸ் கிளாக்கர் ஒருவர். செக்ரோலை (தொழிலாளரின் வேலைநாள், சம்பளப் பதிவேடு) முடித்துவிட்டு வந்தும் இரவு பத்து மணிக்கு அதே கணக்கை மறுபடி கூட்டுகிறார். ஞாயிறு சும்மா இருந்தால் எரிந்து விழுகிறார். "அவர் சுபாவமே அப்படித்தான்" என்று விட்டுவிடலாமா?

பதில் 1 (பண்டாரவளை)
எத்தனை மணிநேரம் என்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். முழுப்பேர் (ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கான வேலை) போட்ட பிறகும் கைக்காசுக்குத் தேயிலைக் கொழுந்து எடுக்கும் அக்காவுக்கு வேலைப் பித்து இல்லை. வீட்டுச் செலவு இருக்கிறது. காசு கையில் கிடைத்தால் அவர் கூடையை இறக்கிவிடுவார். இறக்க முடியாதவரைத்தான் பார்க்க வேண்டும்.

வேலை அடிமைத்தனத்தை அளக்க 2012இல் வந்த பேர்கன் அளவுகோலில் 7 கேள்விகள். வேலையைத் தடுத்தால் தவிக்கிறாரா, குற்ற உணர்ச்சியையும் பதற்றத்தையும் மறக்க வேலை செய்கிறாரா, குறைக்கச் சொல்லியும் கேட்பதில்லையா என்பவை அதில் சில. நாலுக்காவது "அடிக்கடி" அல்லது "எப்போதும்" என்று பதில் வந்தால் கவனிக்க வேண்டும். இது நோய்ச் சான்றிதழ் அல்ல. உலக சுகாதார அமைப்பின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் வேலை அடிமைத்தனம் தனி நோயாக இல்லை.

பதில் 2 (தலவாக்கலை)
பொறுப்புணர்ச்சியைக் குற்றவாளி ஆக்க வேண்டாம். பொறுப்பானவர் கணக்கு சரியானதும் புத்தகத்தை மூடுவார். பதற்ற சுபாவமும், "பிழை விட்டால் நான் ஒன்றுக்கும் ஆகாதவன்" என்ற எண்ணமும் சேர்ந்தால்தான் மூட விடாது. 2014இல் வெளியான நோர்வே ஆய்வொன்றில் பதற்ற சுபாவத்தோடு இணங்கிப்போகும் குணமும் வேலை அடிமைத்தனத்துடன் சேர்ந்தே காணப்பட்டது. துரை (தோட்ட மேலாளர்) எதைக் கொடுத்தாலும் "சரிங்க" என்பவரை நினைத்துப் பாருங்கள். சுபாவம் வாசலைத் திறந்து வைக்கும், அவ்வளவுதான், பழக்கத்தை மாற்றலாம்.

பதில் 3 (நுவரெலியா)
மாற்றும் வழி: கணக்கை ஆபீசிலேயே ஒரு தரம் கூட்டி, ஒரு தரம் சரிபார்த்து, பென்சிலால் அடையாளம் போட்டு மூடட்டும். புத்தகம் வீட்டுக்கு வரக்கூடாது. இரவில் மனம் அரிக்கும்போது பார்க்காமல் இருந்தால் அரிப்பு ஏறி, பிறகு தானாக இறங்கும். பலர் தவறுவது இங்கேதான். "ஒரே ஒருக்கா" என்று பார்த்ததும் நிம்மதி வரும். பார்த்தால்தான் நிம்மதி என்று மனம் பழகிவிடும், மறுநாள் அரிப்பு இன்னும் கூடும். வீட்டாரும் "சரியாத்தான் இருக்கும், பயப்படாதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லக்கூடாது. அதுவும் இன்னொரு சரிபார்ப்புதான்.

தூக்கம் கெட்டாலோ நெஞ்சு படபடத்தாலோ ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். 1926 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழைத்தும் பேசலாம்.