பழைய லேப்டாப்பைப் பிரித்த கதை: உங்களுக்கு என்ன ஆச்சு?

திருநகரிலிருந்து:

பத்து வருசத்து லேப்டாப். ஐ3, 4 ஜிபி ராம் (தற்காலிக நினைவகம்), 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். பட்டனை அழுத்திவிட்டுக் குளிக்கப் போய், தலை துவட்டிக்கொண்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் எப்போதும் 100 சதவீதம். கோளாறு எங்கே என்று அதுவே சொல்லிக்கொண்டிருந்தது, நான்தான் கேட்கவில்லை. ராம் போதவில்லை என்று நானாக முடிவுகட்டி, மீனாட்சி பஜார் பக்கம் ஒரு கடையில் 4 ஜிபி டி.டி.ஆர்.3 வகை ராம் ஒன்று வாங்கி வந்தேன்.

அடிமூடியில் 11 ஸ்க்ரூ, ஒவ்வொன்றும் ஒரு நீளம். மாறிப் போகாமல் இருக்க இட்லித் தட்டை எடுத்து, கழற்றிய வரிசையில் குழிக்கு ஒன்றாகப் போட்டு வைத்தேன். "அதுல காலையில இட்லி ஊத்தணும், ஞாபகம் இருக்கட்டும்" என்று அடுப்படியிலிருந்து குரல். பதினொன்றையும் எடுத்தாயிற்று, மூடி அசையவில்லை. பின்பக்க ரப்பர் காலை நகத்தால் நெம்பினால், அதற்கடியில் பன்னிரண்டாவது ஒளிந்திருந்தது.

ராமைச் சாய்வாகச் செருகி அமுக்கினேன், இரண்டு பக்கக் கொக்கியும் 'டிக்' என்றது. பவர் போட்டால் விளக்கு மட்டும் எரிகிறது, திரை கறுப்பு. கடைக்குப் போன் செய்தேன். "போர்டு போயிருக்கும்ணே, கொண்டு வாங்க பாப்போம்." வயிற்றைக் கலக்கிவிட்டது. புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதை மட்டும் வைத்தேன், வந்துவிட்டது. அப்புறம்தான் இரண்டு ஸ்டிக்கரையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். பழையதில் பிசி3எல், 1.35 வோல்ட். புதியதில் பிசி3, 1.5 வோல்ட். இரண்டுக்கும் அதே 204 பின், அதே வெட்டு. ஒரு எழுத்துதான் வித்தியாசம், என் லேப்டாப்புக்கு 'எல்' போட்ட குறைந்த வோல்ட்தான் ஒத்துவந்தது. கடையில் முகம் கோணாமல் மாற்றித் தந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

8 ஜிபி ஆயிற்று. ஆனால் தலை துவட்டும் நேரம் குறையவில்லை! அடுத்த வாரம் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு, சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் 480 ஜிபி எஸ்.எஸ்.டி. போட்டேன். இப்போது இருபது விநாடியில் திறக்கிறது. இதை முதலில் செய்திருந்தால் ராம் காசை யோசித்துச் செலவழித்திருக்கலாம்.

மேலூரிலிருந்து:

அண்ணே, உங்களுக்குக் கறுப்புத் திரையோடு போயிற்று. நான் குளோன் (ஒரு டிஸ்கை அப்படியே இன்னொன்றில் பிரதி எடுப்பது) போடும்போது எதிலிருந்து, எதற்கு என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டேன். இரண்டும் ஒரே கம்பெனி, இரண்டும் 465 ஜிபி என்றே காட்டியது. புதியதில் சோதனைக்காக விண்டோஸ் போட்டு வைத்திருந்தேன். அந்தக் காலி விண்டோஸ் அப்படியே பழைய டிஸ்க் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. தங்கச்சி கல்யாணப் போட்டோ மொத்தமும் அதில்தான். போட்டோகிராபரிடம் பிரதி இருந்ததால் வீட்டுக்குள் நடமாட முடிகிறது. இப்போதெல்லாம் டிஸ்கின் சீரியல் எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் தொடுவேன்.

திருமங்கலத்திலிருந்து:

எம்.2 (சிறு பட்டை போன்ற எஸ்.எஸ்.டி.) வாங்கப் போகிறவர்களுக்காக. எனக்கு வந்ததில் இரண்டு வெட்டு இருந்தது, ஸ்லாட்டில் அழகாக உட்கார்ந்தது, ஸ்க்ரூவும் போட்டேன். பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரை) பெயரே வரவில்லை. என் லேப்டாப் ஸ்லாட் என்.வி.எம்.இ. என்ற வேகமான இணைப்பு முறையை மட்டும் எடுக்கும், நான் வாங்கியது பழைய சாட்டா முறையில் பேசும் எம்.2. உட்காருவது வேறு, வேலை செய்வது வேறு. லேப்டாப் மாடல் எண்ணைப் போட்டு அதன் கையேட்டைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் உள்ளே கை வைக்க வேண்டாம்.

ஒரு கேள்வி: 500-லிருந்து 480-க்குக் குளோன் எப்படிப் போட்டீர்கள்? எனக்கு இடம் பற்றாது என்று அடம் பிடிக்கிறது. உள்ளே இருப்பது 200 ஜிபிகூட இல்லை.

சிம்மக்கல்லிலிருந்து:

டிவிடி டிரைவ் இருக்கிற லேப்டாப் என்றால் அதைக் கழற்றிவிட்டு, கேடி (அந்த இடத்தில் டிஸ்கைப் பொருத்தும் சட்டம்) வாங்கிப் பழைய ஹார்ட் டிஸ்கை அங்கே மாட்டுங்கள். 9.5 மி.மீ., 12.7 மி.மீ. என்று இரண்டு கனம் உண்டு, அளந்துவிட்டு வாங்கவும். நான் அளக்கவில்லை, இரண்டு தடவை டவுன் ஹால் ரோட்டுக்கு அலைந்தேன். அலைச்சலுக்கு ஜிகர்தண்டா கிடைத்தது, நட்டமில்லை.

மறுபடியும் திருநகர்:

திருமங்கலம் தம்பிக்கு: எனக்கும் அதே அடம்தான். உள்ளே எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைப் பார்க்காமல், பார்டிஷன் (டிஸ்கைப் பிரித்த பகுதி) எவ்வளவு பெரிது என்பதைத்தான் அந்த மென்பொருள் பார்த்தது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டி டிரைவைச் சுருக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன், ஏறிவிட்டது. சுருக்குவதற்கு முன்னால் முக்கியமானதை வெளி டிஸ்கில் எடுத்து வைத்துக்கொள். மேலூர் கதையைப் படித்தாய் அல்லவா.

ஒன்று விட்டுப்போயிற்று. மூடியபோது ஒரு ஸ்க்ரூ குறைந்தது. வீட்டைப் பெருக்கித் தேடியும் காணோம். மறுநாள் காலை, இட்லியோடு வெந்து என் தட்டுக்கே வந்தது.