டச்சுக் காவல்துறைப் பதவிப் பெயர்களை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

கேள்வி – ராயபுரம்:
வணக்கம். கப்பலில் வேலை செய்பவர்களின் ஆவணங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். ரோட்டர்டாம் துறைமுகத்தில் கை நசுங்கிய காசிமேட்டு இளைஞர் ஒருவரின் இழப்பீட்டு விண்ணப்பத்துக்காக, அந்நாட்டுக் காவல்துறை எழுதிய ஐந்து பக்க அறிக்கை இப்போது என் மேசையில் இருக்கிறது. விபத்து விவரங்களை இரண்டு நாளில் முடித்துவிட்டேன். கடைசிப் பக்கத்துக் கையொப்பங்களிடம் வந்து மூன்று நாளாக நிற்கிறேன். எழுதியவர் 'ஹோஃப்ட்ஆகெண்ட்', உடன் சென்றவர் 'பிரிகாடீர்', கீழே கையெழுத்திட்டவர் 'ஹுல்ப்ஒஃபிசீர் ஃபான் யுஸ்தீத்சி'. முன்பு வேறொரு ஆவணத்தில் நான் பிரிகேடியர் என்றே எழுதியபோது, விபத்துக்குள் ராணுவம் எப்படி வந்தது என்று கேட்டு அதைத் திருப்பி அனுப்பினார்கள். ஏஜென்ட் என்று எழுதினாலோ, நம் பகுதியில் அந்தச் சொல்லுக்குக் கப்பலுக்கு ஆள் அனுப்புபவர் என்றுதான் பொருள். எந்த நாட்டுப் பதவி வரிசையைப் பின்பற்றுவது?

பதில் – தண்டையார்பேட்டை:
ஐயா, ஓசையை நம்பாதீர்கள். அந்தப் பதவி ஏணியில் எத்தனையாவது படி என்று பாருங்கள். அடிப்படைப் பயிற்சியில் இருப்பவர் அஸ்பிரான்ட், அதற்கு மேல் சுர்வெய்லான்ட், பிறகு ஆகெண்ட், ஹோஃப்ட்ஆகெண்ட், பிரிகாடீர், இன்ஸ்பெக்டர், தலைமை இன்ஸ்பெக்டர், கொமிஸாரிஸ் என்று ஏறிப் போகும். ஆகெண்டைக் கான்ஸ்டபிள் என்றும், ஹோஃப்ட்ஆகெண்டைச் சீனியர் கான்ஸ்டபிள் என்றும், பிரிகாடீரைச் சார்ஜெண்ட் என்றும் எழுதலாம். 'ஹோஃப்ட்' என்றால் தலை. ஆகவே தமிழுக்கு மாற்றுவதாக இருந்தால் தலைமைக் காவலர் என்ற நம் சொல்லே கைக்கு வந்துவிடும்.

நீங்கள் இன்னும் சந்திக்காத பெரிய ஆபத்து கொமிஸாரிஸ்தான். அதைக் கமிஷனர் என்று எழுதினால், சென்னையில் படிப்பவர் வேப்பேரி அலுவலகத்தில் இருக்கும் மாநகர ஆணையரை நினைப்பார். லண்டன்காரரும் தம் மாநகரக் காவல்துறையின் தலைவரைத்தான் நினைப்பார். ஆனால் டச்சு ஏணியில் கொமிஸாரிஸுக்கு மேலே ஹோஃப்ட்கொமிஸாரிஸும், அவருக்கும் மேலே நாட்டுக் காவல்துறை முழுவதற்கும் தலைமை தாங்கும் முதல் ஹோஃப்ட்கொமிஸாரிஸும் இருக்கிறார்கள். எனவே கொமிஸாரிஸுக்குச் சீஃப் சூப்பரிண்டெண்டென்ட் என்பதே என் தேர்வு. எதை எழுதினாலும், முதல் முறை வருமிடத்தில் டச்சுப் பெயரையும் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்; ஐயம் வந்தால் சரிபார்க்க அதுதான் உதவும்.

பதில் – எண்ணூர்:
மூன்றாவது கையொப்பம் பதவிப் பெயரே அன்று, அது ஒரு பொறுப்பு. 'ஒஃபிசீர் ஃபான் யுஸ்தீத்சி' என்பவர் அரசு வழக்குரைஞர். அதன் முன்னால் துணை என்னும் பொருளில் 'ஹுல்ப்' சேர்ந்ததால் அகராதி உங்களை உதவி அரசு வழக்குரைஞர் என்ற இடத்துக்குக் கொண்டுபோய்விடும். உண்மையில் அவர் காவல் அதிகாரிதான். பெரும்பாலும் இன்ஸ்பெக்டர் நிலையிலோ அதற்கு மேலோ இருப்பவர், கைது செய்யப்பட்டவரைக் காவலில் வைப்பது போன்ற முடிவுகளை எடுக்கும் அதிகாரம் பெற்றவர். ஆகையால் அவருடைய பதவியை முதலில் எழுதி, இந்தப் பொறுப்பை ஒரு சிறு விளக்கமாகச் சேருங்கள். இதே குழப்பம் 'வைக்ஆகெண்ட்' என்ற சொல்லிலும் உண்டு. அது குடியிருப்புப் பகுதிக்குப் பொறுப்பான காவலரின் பணியைச் சொல்கிறதே தவிர, அவருடைய படியைச் சொல்லவில்லை.

பதில் – பழவேற்காடு:
ஆவணத்தின் ஆண்டையும் பாருங்கள். இன்றைய ஒரே தேசியக் காவல்துறை 2013 ஜனவரி 1 அன்றுதான் வந்தது. அதற்கு முன் 25 வட்டாரப் படைகள் இருந்தன, 1990களின் தொடக்கம் வரை நகராட்சிக் காவலும் அரசுக் காவலும் தனித்தனியாக இயங்கின. அந்தப் பழைய அரசுக் காவல் தாள்களில் 'வாக்ட்மீஸ்டர்' என்ற பெயர் வரும். இன்றும் அந்தப் பெயரைக் கண்டால், எழுதியவர் 1814இல் தொடங்கப்பட்ட மாரெஷோஸே என்னும் ராணுவக் காவற்படையைச் சேர்ந்தவராக இருக்கக்கூடும். அப்போது ராணுவப் பதவி வரிசைப்படிதான் பெயர்க்க வேண்டும்.

கேட்டவர் – ராயபுரம்:
மூவருக்கும் நன்றி. தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது கையொப்பத்தின் அடியில் சின்ன எழுத்தில் இன்ஸ்பெக்டர் என்றே அச்சாகியிருக்கிறது, நான்தான் நீளமான பெயரைப் பார்த்து அதைத் தவறவிட்டிருக்கிறேன். சீனியர் கான்ஸ்டபிள், சார்ஜெண்ட், இன்ஸ்பெக்டர் என்று எழுதி, டச்சுப் பெயர்களையும் உடன் சேர்த்து, நாளைக் காலை அந்தத் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன்.