மறுமொழி: ஹெக்ஸ் மேப், ஹெக்ஸ்கிரால் – ‘அறுகட்டம்’, ‘துழாவல்’ சரியாக வருமா?

ஐயா, நண்பர்களே, வணக்கம்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதாபாத்திரங்களாக ஆடும் ஆட்டங்களின் ஆங்கிலச் சொற்களுக்கு நீங்கள் தொகுத்த தமிழ்ப் பட்டியலில், ஹெக்ஸ் மேப்புக்கு, அதாவது ஆறு பக்கக் கட்டங்களாகப் பிரித்த நிலப்படத்துக்கு, நேரே ‘அறுகோண வரைபடம்’ என்று இருக்கிறது. பொருள் சரிதான். ஆனால் அறுகோணம் என்பது வடிவத்தின் பெயர். ஆட்டத்தில் உட்கார்ந்தவர் வாயில் வர மறுக்கிறது. போன மாதம் எங்கள் வீட்டு மாடியில் ஐந்து பேர் முழுக்கத் தமிழிலேயே ஆடிப் பார்த்தோம். மதுரையை நடுவில் வைத்து, ஓர் அறுகோணம் பத்து கிலோமீட்டர் அகலம் என்று நான் வரைந்த படம். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அக்கா மகள் “மாமா, அடுத்த கட்டத்துக்குப் போவோமா?” என்றாள். அப்புறம் யாரும் வேறு சொல் தேடவில்லை.

அதனால் எழுத்தில் ‘அறுகட்டம்’, பேச்சில் வெறும் ‘கட்டம்’ என்று வைக்கலாம்.

> கட்டம் என்றால் சதுரம் என்றுதானே தோன்றும்?

தாயக்கட்டம், ராசிக்கட்டம் என்று பழகியதால் தோன்றும். அதற்குத்தான் முன்னால் ‘அறு’ வேண்டும். சதுரத்தில் மூலைவாக்கில் போனால் நேராகப் போவதைப் போல ஏறக்குறைய 1.4 மடங்கு தூரம்; இரண்டையும் ஒரே நகர்வாக எண்ணினால் பயணக் கணக்கு கெட்டுவிடும். அறுகட்டத்தில் அண்டையில் இருக்கும் ஆறு கட்டங்களின் நடுப்புள்ளிகளும் ஒரே தொலைவு. 1974-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர ஆட்டத்தின் முதல் பதிப்பே, காட்டுவழிப் பயணத்துக்கு அவலான் ஹில் வெளியிட்ட அவுட்டோர் சர்வைவல் விளையாட்டின் பலகையை எடுத்துக்கொள்ளச் சொன்னது. அது ஆறு பக்கக் கட்டம் போட்ட பலகை.

தவிர, ‘முதற்கட்டம்’, ‘கட்டம் கட்டமாக’ என்கிறோமே, அந்தப் பொருளும் இங்கே பொருந்துகிறது.

> ‘அறு’ என்றால் அறுந்துபோனது என்று படாதா?

படாது ஐயா. என் படத்தில் மதுரைக்குத் தென்மேற்கே ஒட்டிய கட்டம் திருப்பரங்குன்றம். வடக்கே இரண்டு கட்டம் தள்ளிப் பழமுதிர்சோலை. அறுபடை வீட்டை யாரும் அறுந்த வீடு என்று படிப்பதில்லை.

‘புலம்’ என்று ஒருவர் சொன்னது எனக்கும் பிடித்திருந்தது. நிலப் பத்திரத்தில் வரும் புல எண் போலவே இங்கும் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. 0502 என்றால் ஐந்தாம் நெடுவரிசையில் இரண்டாவது. ஆனால் புலத்துக்கு உரிமையாளர் உண்டு, எல்லைக்கல் உண்டு, ஒன்றைப்போல ஒன்று இருக்காது. வேண்டாம்.

இனி ஹெக்ஸ்கிரால், அதாவது அந்தப் படத்தில் கட்டம் கட்டமாகப் போய், தெரியாத நிலத்தைத் தேடிப் பார்க்கும் ஆட்டமுறை. ‘கிரால்’ என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்த ‘அறுகோணத் தவழ்வு’ என்பதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அங்கே யாரும் தவழ்வதில்லை. ‘உலா’வும் ஒட்டவில்லை, உலா தெரிந்த வீதியில் போவது. இங்கே அடுத்த கட்டத்தில் என்ன இருக்கிறதென்று ஆடுபவருக்குத் தெரியாது.

மேலூர்ப் பக்கம் கண்மாயில் மீன்பிடித் திருவிழா பார்த்திருப்பீர்கள். முழங்கால் அளவு கலங்கல் தண்ணீர். ஊத்தாவை, அதாவது மேலும் கீழும் திறந்த கூடையை, சேற்றில் அழுத்தி, மேல்வாய் வழியே தோள்வரை கையை விட்டுத் துழாவுவார்கள். கெண்டை இருக்கலாம், வெறும் சேறும் இருக்கலாம். பிறகு ஊத்தாவைத் தூக்கி ஓர் எட்டு தள்ளி மறுபடி அழுத்துவார்கள். ஹெக்ஸ்கிரால் என்பது அச்சாக இதுதான். இந்தக் கட்டத்தைத் துழாவினோம், ஒன்றுமில்லை, கிழக்கே போவோம். ஆகவே ‘துழாவல்’. விளக்கமாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘நிலத்துழாவல்’.

ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கிறது என்று ஆட்டம் நடத்துபவர் கையில் வைத்திருக்கும் குறிப்புக்கு ‘கட்டக்குறிப்பு’ போதும். நான் எழுதிய ஒன்று:

0502. வற்றிய கண்மாய். மடைக்குள் ஈயத்தால் வாய் அடைத்த செம்புக் குடம். இருட்டியதும் நீர்பாய்ச்சி (வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுபவர்) ஒருவர் வந்து, “தண்ணி எம்புட்டு இருக்கு?” என்று கேட்பார். அவர் நடந்த இடத்தில் கால்தடம் இருக்காது. பொய்யான அளவு சொன்னால் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

இவ்வளவு எழுதினால் போதும். பாக்கி ஆட்டத்தில் வரும்.

ஒரு சொல் மட்டும் எனக்கு இன்னும் அகப்படவில்லை. துழாவி முடித்த கட்டத்தைப் படத்தில் நிறம் தீட்டி வைக்கிறோம், அதற்கு என்ன பெயர்? ‘கண்ட கட்டம்’ என்று இப்போதைக்கு ஓட்டுகிறோம். நல்லதாக ஒன்று தோன்றினால் சொல்லுங்கள் ஐயா.

அன்புடன்,
மதுரையிலிருந்து