நிறுத்தப் பதிவா, தரிப்புக் காவலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

காரின் முன்கண்ணாடியில் மாட்டிச் சாலையைப் பதிகிற டாஷ்கேமில், வண்டியை அணைத்துவிட்டுப் போன பிறகும் கண் வைத்திருக்கிற 'பார்க்கிங் மோடு' என்பதற்குத் தமிழ் கேட்டு வந்த மடலுக்கு மூன்று நாளில் பதினோரு பரிந்துரைகள் வந்துவிட்டன. பெரும்பாலோர் 'நிறுத்தப் பதிவு' பக்கம் சாய்வதால்தான் இதை எழுதுகிறேன். அந்த 'நிறுத்த'த்தை ஏற்கெனவே பயன்படுத்திக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான்.

சென்ற ஆண்டு என் மைத்துனர் முன்னும் பின்னும் பார்க்கிற இரட்டைக் கேமரா ஒன்று வாங்கினார். பெட்டியில் இருந்த குறிப்பு ஆங்கிலத்திலும் சீனத்திலும் மட்டுமே இருந்தது. பட்டறையில் கொடுப்பதற்காகத் தமிழில் அரைப்பக்கம் எழுதித் தந்தேன். மூன்று கம்பிகள். கறுப்பு, வண்டியின் இரும்பு உடலுக்கு. சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் உருகிக்கு, அதாவது ஃபியூஸுக்கு. மஞ்சள், சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் இருக்கும் உருகிக்கு. இப்படியே எழுதியிருந்தால் தப்பித்திருப்போம். கலைச்சொல் ஆசை யாரை விட்டது? 'மஞ்சள்: நிறுத்த மின்சாரம்' என்று எழுதி முடித்துவிட்டேன். பட்டறைப் பையன் அதை 'வண்டி நின்றதும் நின்றுபோகிற மின்சாரம்' என்று புரிந்துகொண்டு, மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கி, சாவியை எடுத்தால் மின்சாரம் நின்றுவிடும் சிகரெட் லைட்டர் உருகியிலேயே செருகிவிட்டான்.

வண்டி ஓடும்போது கேமரா ஒழுங்காக வேலை செய்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து, தெருவோரம் போட்டிருந்த வண்டியின் பின்பக்க பம்பரை இரவில் யாரோ நசுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். கார்டை எடுத்துப் பார்த்தோம். கடைசிக் காட்சி, முந்தைய இரவு ஒன்பது மணிக்கு மைத்துனர் வண்டியை ஓரங்கட்டியது. அடுத்த காட்சி, காலை எட்டு மணிக்கு அவர் அலுவலகம் கிளம்பியது. நடுவில் பதினோரு மணி நேரத்தைக் காணவில்லை.

பையன் மேல் தவறு சொல்ல மாட்டேன். வண்டியை நிறுத்துவதற்கும் ஒரு வேலையை நிறுத்துவதற்கும் நம்மிடம் ஒரே வினைதான் இருக்கிறது. கேமராவின் தீப்பெட்டி அளவுத் திரையில் 'பதிவை நிறுத்து' என்று ஒரு வரியும் அதன் கீழே 'நிறுத்தப் பதிவு' என்று ஒரு வரியும் இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

எனவே 'தரிப்பு' என்பதை முன்மொழிகிறேன். இலங்கையில் 'வாகனத் தரிப்பிடம்' என்பது அன்றாடச் சொல். தமிழ்நாட்டில் தரிப்பது என்றால் உடையும் கருவும்தான் நினைவுக்கு வரும் என்று ஒரு நண்பர் கேலி செய்திருந்தார். வரட்டும். சிரித்துவிட்டுச் சரியாக மாட்டிவிடுவார்கள்.

அடுத்து, 'பதிவு' என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. பார்க்கிங் மோடு ஒரே வேலை அல்ல. சில கேமராக்கள் வண்டியை யாராவது இடிக்கும்வரை தூங்கும். இடித்த பிறகு விழித்துப் பதியத் தொடங்கும். விழிக்க ஓரிரு விநாடி ஆவதால் இடித்தவர் தப்பி ஓடும் முதுகுதான் பல சமயம் கிடைக்கும். சில, எதிரே ஏதாவது அசைந்தால் பதியும். சில, விநாடிக்கு ஒரு படம் வீதம் இரவெல்லாம் எடுத்துச் சேர்க்கும். முதல் வகை, எதுவும் நடக்காத இரவில் எதையுமே பதிவதில்லை, காத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே 'தரிப்புக் காவல்'. அதன் உட்பிரிவுகளாக அதிர்வுக் காவல், அசைவுக் காவல் என்று எளிதாகப் பிரிக்கலாம். 'மோடு' என்பதற்காகப் 'பயன்முறை', 'பாங்கு' என்று எந்த வாலும் தேவையில்லை.

இடிப்பதற்கு முந்தைய சில விநாடிகளையும் சேர்த்துத் தருகிற வசதிக்கு ஒருவர் 'முன்பதிவு' என்று எழுதியிருந்தார். அந்தச் சொல்லில் ரயில் டிக்கெட் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. 'முன்கணப் பதிவு' எப்படி? வாங்குகிறவர்கள் இந்த வசதி இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்க வேண்டும். இரண்டாவதாக, உள்ளே லித்தியம் பேட்டரிக்குப் பதில் மின்தேக்கி (கெப்பாசிட்டர்) இருக்கிறதா என்று கேட்க வேண்டும். வெயிலில் நாளெல்லாம் காய்கிற வண்டிக்குள் பேட்டரி உப்பிவிடும்.

கம்பிகளுக்கு வருகிறேன். சிவப்புக்கு 'சாவிமின்' என்றால் யாருக்கும் விளங்கும். மஞ்சள்தான் சிக்கல். 'நிலைமின்' என்பதை இயற்பியல் பாடநூல் வேறு பொருளில் எடுத்துக்கொண்டது. 'நேர்மின்' என்பதும் அப்படியே. 'தொடர்' என்றால் தொடரிணைப்பு. மிஞ்சியது 'ஓயாமின்'.

கடைசியாக, பேட்டரி வற்றும் முன் கேமராவைக் கழற்றிவிடுகிற அந்த அளவு. முழுதாக ஏறி ஓய்ந்திருக்கும் ஈய அமில பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும், 12.2 ஆனால் ஏறத்தாழ பாதி தீர்ந்தது. கேமராவை உருகியோடு இணைக்கிற கம்பிக் கிட்டில் 11.8, 12.0, 12.2 என்று தேர்வு இருக்கும். 35 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள சின்ன காரில் 0.3 ஆம்பியர் இழுக்கும் கேமரா, 12 மணி நேரத்தில் 3.6 ஆம்பியர்-மணி குடிக்கும். ஓர் இரவுக்குக் கவலையில்லை. விமான நிலையத்தில் மூன்று நாள் போட்டுவிட்டுப் போனால் 21.6 ஆகிவிடும், 11.8 வரை குடிக்க விட்டிருந்தால் திரும்பி வந்து ஸ்டார்ட்டர் முனகுவதைக் கேட்கலாம். இதற்குத் 'தாழ்மின்னழுத்தத் துண்டிப்பு' என்று எழுதிப் பார்த்தேன். எனக்கே மூச்சு வாங்கியது. யாராவது சுருக்கித் தாருங்கள்.

---

வணக்கம் அண்ணா,

டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர்ச் சொல்லை எடுத்தது மகிழ்ச்சி. ஆனால் ஒன்று: பஸ் தரிப்பிடத்தில் பஸ் தரித்து நிற்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். 'தரிப்பு' என்றதும் எஞ்சின் அணைந்துவிட்டது என்று எங்களுக்குத் தோன்றாது. 'காவல்' என்பது கூடவே வருவதால் பொறுத்துக்கொள்ளலாம்.

நீங்கள் மின்தேக்கி என்பதை நாங்கள் பள்ளியில் 'கொள்ளளவி' என்று படித்தோம். அதை இன்னொரு நாள் வைத்துச் சண்டை பிடிப்போம்.

நீளமான சொல்லுக்கு 'வெட்டழுத்தம்' என்று வைத்தால் என்ன? மின்வெட்டு எல்லோரும் அறிந்ததுதானே. இங்கே பனிக்காலத்தில் பற்றரியின் வலு குறைந்துவிடும் என்பதால் என் கமராவுக்கு வெட்டழுத்தத்தை 12.4 என்று வைத்திருக்கிறேன். அதிகாலைக்கு முன்பே காவல் முடிந்துவிடுகிறது. ஆனால் வாகனம் கிளம்புகிறது.

ஒரு கேள்வி. வெட்டழுத்தம் வந்ததும் ஓய்ந்துவிடுகிற மின்சாரத்துக்கு 'ஓயாமின்' என்று எப்படிப் பெயர் வைப்பீர்கள்?

---

அன்புத் தங்கைக்கு,

வெட்டழுத்தத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். ஓய்வது கேமராதான் அம்மா, உருகியில் மின்சாரம் அப்படியே இருக்கிறது. மீட்டரை வைத்துப் பார்த்தால் தெரியும்.

பட்டறைத் தாளைத் திருத்தி எழுதிவிட்டேன். கறுப்பு, வண்ணப்பூச்சு இல்லாத இரும்புத் திருகில். சிவப்பு, சாவிமின். மஞ்சள், ஓயாமின். கம்பியின் நிறத்தை மட்டும் நம்பாமல் கிட்டின் படத்தைப் பார்க்கவும். நிறம் மாறுகிற கிட்டுகள் உண்டு. சாவியை எடுத்து, கதவைப் பூட்டி, கால் மணி நேரம் கழித்து மீட்டர் வைக்கவும். சில உருகிகளில் மின்சாரம் உடனே போகாது. காற்றுப்பையின் உருகியைத் தொடக் கூடாது; முன்கண்ணாடி ஓரத்துத் தூண் வழியாகக் கம்பியை இழுத்தால் காற்றுப்பைக்குப் பின்னால் இழுக்கவும்.

அதே பையனிடம் நேற்றுப் படிக்கக் கொடுத்தேன். விரலை வைத்து வரிவரியாகப் படித்துக்கொண்டே வந்தவன் 'ஓயாமின்' என்ற இடத்தில் நின்று நிமிர்ந்தான்.

"டைரக்ட்தானே, அண்ணே?" என்றான்.