முன்பின் தெரியாதவர் போன் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

தோழிகளே, ஒரு உதவி. நேற்று ராத்திரி ஒன்பதரை மணிக்கு மாட்டுத்தாவணியில் திருச்சி பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஒருத்தர் வந்து, "அக்கா, சார்ஜ் போயிடுச்சு, வீட்டுக்கு ஒரே ஒரு கால் பண்ணிக்கிறேன்" என்றார். பாவமாக இருந்தது, லாக்கை எடுத்துக் கொடுத்துவிட்டேன். நாலடி தள்ளிப் போய் முதுகைக் காட்டி நின்றார். பேச்சுச் சத்தமே இல்லை, கட்டைவிரல் மட்டும் திரையில் ஓடிக்கொண்டே இருந்தது. வயிற்றைப் பிசைந்துவிட்டது. திருப்பித் தரும்போது, "தனியாவா போறீங்க?" என்று வேறு கேட்டார்!

பஸ்ஸில் உட்கார்ந்ததும் ##002# அடித்து கால் ஃபார்வர்டிங் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். நம் அழைப்பை வேறு நம்பருக்குத் திருப்பிவிட்டால் ஓடிபி சொல்லும் காலும் அங்கேதான் போகும். வாட்ஸ்அப்பில் இணைந்த சாதனங்களையும் பார்த்தேன், என் லேப்டாப் மட்டும்தான். பணம் எதுவும் போகவில்லை, போனால் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடிக்க வேண்டும் என்று தெரியும். வேறு எதைப் பார்க்க வேண்டும்?

அதைவிடப் பெரிய சிக்கல், எனக்கு "இல்லை" என்று சொல்ல வாயே வராது. நிஜமாகவே அவசரமாக இருந்தால்? "நம்பர் சொல்லுங்க, நானே ஸ்பீக்கர்ல போடுறேன்" என்பது சரிப்படுமா? நீங்கள் சொல்லும் வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள், மனப்பாடம் பண்ணிக்கொள்கிறேன்.