வேலை அறையைக் குழந்தை அறையாக மாற்ற வேண்டும், எதில் தொடங்குவது?

கேள்வி: தூரிகை

எல்லாருக்கும் வணக்கம். முதலில் வீட்டுச் செய்தி. எனக்கு இது ஐந்தாம் மாதம். போன செவ்வாய்க்கிழமை ஸ்கேன் பார்த்தோம், எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றார் டாக்டர். எங்கள் வீட்டின் ஒவ்வொரு சுவரும் உங்களில் பலருக்குத் தெரியும். சமையலறை அலமாரியை நாங்களே செய்தது, கூடத்துத் தரையைப் பெயர்த்துப் போட்டுவிட்டு மூன்று வாரம் தூசியிலேயே குடியிருந்தது, எல்லாமே இங்கே கேட்டுக் கேட்டுத்தான். அதனால் சொந்தபந்தத்துக்கு அடுத்தபடியாக உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று நேற்று ராத்திரி இருவரும் பேசிக்கொண்டோம்.

இப்போது அறை விஷயம். எங்கள் வேலை அறை பத்தடிக்குப் பதினோரு அடி. சன்னல் பக்கம் அவருடைய மேசை, இரண்டு திரை, காலடியில் ஒயர் கூட்டம். எதிர் மூலையில் என் தையல் மெஷின். நடுவில் துணி வெட்டுகிற பெரிய மேசை. இதைக் காலி செய்துதான் குழந்தைக்குக் கொடுக்க வேண்டும். வேறு அறை இல்லை. வீட்டில் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற இடமும் அது ஒன்றுதான். பேச்சில்லாமல் மணிக்கணக்கில் ஆளுக்கொரு மூலையில் இருப்போம். அதை விடுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, அவர் சொல்லவில்லை என்றாலும் அவருக்கும் அப்படித்தான்.

பரணில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, மாமனார் தன் கையால் செய்த மரக்கட்டில், நான்கு பக்கமும் சட்டம் அடித்தது. இவர் குழந்தையாக இருந்தபோது படுத்தது, இப்போது இவருக்கு முப்பத்தாறு வயது. வெள்ளை பெயின்ட் அங்கங்கே செதில் செதிலாக உரிகிறது. அதைத் தேய்த்துப் புதுசாகப் பூசிக் கொடுத்தால் மாமாவுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து உப்புத்தாள்கூட வாங்கி வைத்துவிட்டேன்.

இன்னொன்று ஒரு பெயின்ட் டப்பா. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை உண்டாகி மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அப்போது இங்கே சொல்லவில்லை. அந்த அறைக்கென்றுதான் இந்த டப்பாவை வாங்கியிருந்தோம். இளம் பச்சை, விதை முளைத்து முதலில் விரிகிற இலை இருக்குமே, அந்த நிறம். திறந்து ஒரு துண்டுப் பலகையில் மட்டும் பூசிப் பார்த்தோம், அதோடு சரி. அதே நிறத்தையே அடிப்போம் என்கிறார் இவர். எனக்கு டப்பாவைப் பார்க்கவே கை வரவில்லை.

மூன்று வாரமாகக் குழந்தை அறைப் படங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் அழகு. ஆனால் ஒரு படத்தில்கூட உலரப் போட்ட துணி இல்லை, பாதியில் விட்ட வேலை இல்லை, அங்கே ஆள் இருந்த சுவடே இல்லை. அவற்றிலிருந்து எதை எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. செய்து பார்த்தவர்கள் எங்கே தொடங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.

பதில்: உளிச்சத்தம்

வாழ்த்துகள் தங்கச்சி. மனசு நிறைஞ்சிருக்கு. மத்ததெல்லாம் அப்புறம், அந்த உப்புத்தாளை எடுத்து உள்ளே வை. கட்டிலைத் தொடாதே.

முப்பத்தாறு வருசத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். தேய்த்தால் அது தூசியாகும், அந்தத் தூசி மூச்சிலும் கையிலும் போகும். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது உன் ரத்தத்தில் ஏறுகிற ஈயம் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே ஈயத்துக்குக் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உரிகிற செதில்கள் கீழே உதிர்ந்திருந்தால் உலர்ந்த துடைப்பம் போட்டுக் கூட்டாதே, ஈரத்துணியால் மாப்பிள்ளை துடைத்து எடுக்கட்டும். நீ அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

அடுத்தது அளவு. சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. டேப் இல்லையென்றால் குளிர்பான டின் ஒன்றை எடுத்து இடுக்கில் நுழைத்துப் பார்க்கச் சொல். டின் உள்ளே போனால் அது குழந்தை படுக்கிற கட்டில் இல்லை. உடம்பு நழுவி வெளியே வந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். மெத்தைக்கும் ஓரச் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் இடம் இருக்கக் கூடாது. மூலைக்கால்கள் மேலே துருத்திக்கொண்டிருந்தால் சட்டைத் துணி சிக்கும். ஒரு பக்கச் சட்டம் இறங்கி ஏறுகிற மாதிரி இருந்தால் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அந்த வகையைச் செய்யவும் விற்கவும் அமெரிக்காவில் 2011லேயே தடை போட்டுவிட்டார்கள். கொக்கி தேய்ந்து சட்டம் கழன்று குழந்தைகள் செத்துப்போன பிறகு வந்த தடை அது.

நானும் என் அப்பா செய்த சாமான்களோடு வாழ்கிறவன்தான். அவர் கை பட்ட மரத்தை வேண்டாம் என்பது எப்படி இருக்கும் என்று தெரிந்துதான் சொல்கிறேன். அந்தக் காலத்தில் இந்த அளவெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, உன் மாமனார் மேல் ஒரு தப்பும் இல்லை. அளந்துவிட்டு எழுது.

பதில்: இரட்டையர் அம்மா

தூரிகை, படித்ததும் கண் கலங்கிவிட்டது. போன தடவை நடந்ததை எழுதினாய் பார், அதற்கும் சேர்த்து ஒரு அணைப்பு.

நீ அந்த வேலை அறையை இப்போது காலி செய்ய வேண்டியதே இல்லை. குழந்தை பிறந்து ஆறு மாதமாவது பெற்றோர் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்க வேண்டும் என்பதுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்வது. மல்லாக்கப் படுக்க வைத்து, கெட்டியான சமதள மெத்தையில், தலையணை, பொம்மை, ஓரத்துக் குஷன் எதுவும் இல்லாமல். அப்படியென்றால் நீ மாற்றி அமைக்க வேண்டியது உங்கள் படுக்கை அறையை. வேலை அறைக்கு இன்னும் பத்து மாதம் அவகாசம் இருக்கிறது. இரட்டையர் பிறப்பதற்கு முன்னால் நாங்கள் ஓர் அறையை இழைத்து இழைத்து அலங்கரித்தோம். ஏழு மாதம் அதில் யாரும் தூங்கவில்லை. துணி மடிக்கத்தான் பயன்பட்டது.

படங்களை மூடி வை. இன்று ராத்திரி இரண்டு காரியம் செய். மூன்று மணிக்கு எப்படியும் பாத்ரூமுக்கு எழுந்திருப்பாய். அப்போது ஸ்விட்ச் போடாமல், கையில் ஒரு சுருட்டிய போர்வையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு, கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் அங்கிருந்து அலமாரிக்கும் நடந்து பார். எது காலில் இடிக்கிறது, எந்தக் கீல் முனகுகிறது, ஒற்றைக் கையால் எந்த இழுப்பறை திறக்கவில்லை என்று தெரிந்துவிடும். எங்கள் அறையில் மொத்தக் கஷ்டமும் ஒரே ஒரு கதவுக் கீலில் இருந்தது. இருவரையும் தூங்க வைத்துவிட்டு வெளியே வரும்போது அது கத்தும், ஒருவன் விழிப்பான், அவன் அழுகையில் மற்றவனும் விழிப்பான். இரண்டு சொட்டு எண்ணெய் விட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே நான்கு மாதம் ஆனது.

இரண்டாவது, பகலில் குழந்தை படுக்கப்போகிற இடத்தில் ஒரு பாய் விரித்து மல்லாந்து படு. உன்னால் முடியாவிட்டால் அவர் படுக்கட்டும். நாம் நான்கு சுவரையும் அலங்கரிக்கிறோம், அது பார்க்கப்போவது மேற்கூரையை. பிறந்த குழந்தைக்கு 20, 30 செ.மீ. தூரம்தான் தெளிவாகத் தெரியும், பால் கொடுக்கும்போது உன் முகம் இருக்கிற தூரம் அது. அதற்கு மேல் வெளிச்சமும் நிழலும்தான். தலைக்கு நேர் மேலே பளீரென்று ஒரு பல்ப் இருந்தால் நாள் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். ராத்திரிக்கு முழங்கால் உயரத்தில், மஞ்சள் வெளிச்சம் தருகிற ஒரு சின்ன விளக்கு போதும், 2700 கெல்வின் என்று பெட்டியில் போட்டிருக்கும்.

பதில்: சுவரும் நானும்

பெயின்ட் வேலை செய்கிறவன் என்ற முறையில் டப்பாவைப் பற்றி மட்டும். தண்ணீரில் கரைகிற வகைதானே? திறந்து இரண்டு வருடம் ஆன டப்பாவை இவர் வெளியில் வைத்துத் திறக்கட்டும். மேலே ஆடை கட்டியிருந்தால் எடுத்துவிடலாம், அது பிரச்சினை இல்லை. கலக்கும்போது கட்டி கட்டியாக இருந்தாலோ புளித்த, அழுகிய வாடை வந்தாலோ கெட்டுவிட்டது. அதைச் சுவரில் பூசினால் வாடை போகவே போகாது.

அறைக்குப் புதுசாக வாங்கினால் மணம் குறைந்த, ஆவி குறைவாக வெளிவிடுகிற வகை என்று கேட்டு வாங்குங்கள். கையில் ஒட்டாமல் உலர்வது வேறு, உள்ளே இறுகுவது வேறு. முன்னது சில மணி நேரம், பின்னதுக்கு ஒரு மாதம் வரைகூட ஆகும். பிரசவத்துக்கு இரண்டு மாதம் முன்னாலேயே முடித்துவிட்டு சன்னலைத் திறந்து போடுங்கள். அட்டையில் பார்க்கிற நிறம் நான்கு சுவரிலும் ஏறும்போது ஒரு படி அழுத்தமாகத் தெரியும். அந்தத் துண்டுப் பலகை இருக்கிறதே, அதைப் படுக்கை அறைச் சுவரோரம் சாய்த்து வைத்துக் காலை, மாலை, விளக்கு வெளிச்சம் என்று மூன்று வேளையும் பாருங்கள். பிடித்திருந்தால் அந்தப் பலகையையே கடைக்கு எடுத்துப் போகலாம், மெஷினில் வைத்து அதே நிறத்தைக் கலந்து கொடுத்துவிடுவார்கள். பிடிக்கவில்லை என்றால் வேண்டாம். நிறத்துக்கு நாம் எந்தக் கடனும் படவில்லை.

பதில்: தூரிகை

நான்கு நாள் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். எல்லாவற்றையும் செய்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

அண்ணா, டின் உள்ளே போய்விட்டது. தாராளமாகப் போனது. டேப் வைத்ததில் எட்டரை செ.மீ. இவர் இடுக்கில் கையை விட்டபடி கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு உங்கள் பதிலை அவரே மாமாவுக்குப் படித்துக் காட்டினார். மாமா, "நீ ராத்திரியெல்லாம் உருண்டுகிட்டே இருப்பே. நல்லவேளை, ஒண்ணும் ஆகலே"ன்னு மட்டும் சொன்னார். கொஞ்சம் பொறுத்து, "அடிப்பலகைக்கு நான் பெயின்ட் அடிக்கலே, அதைப் பாரு"ன்னார். உண்மைதான், அடியில் போட்ட இரண்டு பலகையும் வெறும் மரம். உரிகிற பாகத்தையெல்லாம் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்டி வெளியே வைத்துவிட்டு, அந்த இரண்டையும் மட்டும் ஈரத்துணியால் இரண்டு மூன்று தடவை துடைத்துக் கொண்டுவந்தார். திருப்பிப் பார்த்தால் பென்சிலில் மாமாவின் கையெழுத்து, "4 அடி, கால் அங்குலம் கூட விடு" என்று. கீழே ஒரு கோடு, அந்தக் கோட்டில் ரம்பம் சரியாக உட்கார்ந்து அறுத்திருக்கிறது.

அக்கா, ராத்திரி போர்வையோடு நடந்தேன். கட்டில் கால் இரண்டு தடவை இடித்தது. துணி அலமாரி ஒற்றைக் கைக்குத் திறக்கவே இல்லை, இழுத்தால் மொத்தமும் முன்னால் சாய்கிறது. ஏழு வருடமாக நான் இரண்டு கையாலும் திறந்துகொண்டிருந்திருக்கிறேன், கவனித்ததே இல்லை. மறுநாளே இவர் அதைச் சுவரோடு எல் கிளாம்ப் போட்டு முடுக்கிவிட்டார். பகலில் பாய் விரித்துப் படுத்தேன். உத்தரத்துக்குப் பக்கத்தில் பழைய நீர்க்கறை, மேகம் மாதிரி ஓரம் மட்டும் பழுப்பேறிக் கிடக்கிறது. நேர் மேலே டியூப்லைட், கண்ணைத் திறக்க முடியவில்லை. இவரும் வந்து பக்கத்தில் படுத்தார். விளக்கை எந்தப் பக்கம் நகர்த்தலாம் என்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டே அரைமணி நேரம் இருந்தோம். வேலை அறை அப்படியே இருக்கிறது. நேற்றும் மூலைக்கொருவராக உட்கார்ந்து வேலை செய்தோம்.

டப்பா கெட்டுவிட்டது. வாடை தாங்கவில்லை என்று இவர் மூடிவிட்டார். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

பதில்: உளிச்சத்தம்

நல்லா செஞ்சே. பலகையின் தடிமன் எவ்வளவு? முக்கால் அங்குலம் இருந்தால் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு சுவர்த்தட்டு போடலாம், கை எட்டுகிற உயரத்தில். தண்ணீர்ப் பாட்டில், துணி, போன் வைக்க. படுக்கைக்கு மேலே மட்டும் மாட்ட வேண்டாம். பென்சில் எழுத்து இருக்கிற பக்கத்தை இழைத்துவிடாதே என்று மாப்பிள்ளையிடம் சொல்.

பதில்: தூரிகை

சரியாக முக்கால் அங்குலம் அண்ணா. எழுத்தைக் கீழ்ப்பக்கமாக வைத்து மாட்டப்போகிறார், நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்தால் தெரிகிற மாதிரி. பிரசவத்துக்கு முன்னால் மாமா வந்து தட்டைத் தானே முடுக்குவதாகச் சொல்லியிருக்கிறார்.

பச்சைப் பலகை இப்போது படுக்கை அறைச் சுவரில் சாய்ந்திருக்கிறது. காலை வெளிச்சத்தில் எனக்குப் பிடித்திருக்கிறது. ராத்திரியில் இன்னும் இல்லை. அது அங்கேயே இருக்கட்டும், இன்னொரு வாரம் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.